ஒருவர் வெளியே நிற்கிறார்

எட்டு மாதங்களுக்கு முன் தன் கையாலேயே நிறுத்திவைத்த ஒரு சோதனை மறுபடி திரையில் ஓடுவதைச் செந்தில்நாதன் புதன்கிழமை மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குப் பார்த்தான். ஓடியதோடு நிற்கவில்லை. தவறியும் இருந்தது.

‘சோதனை 88: ஒரே பெயருள்ள இருவர் இருவராகவே இருக்க வேண்டும். தேறவில்லை.’

நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான். பிழை என்று ஒன்று வந்தால் தேதி, மணி, திரையில் வந்த வாசகம், செய்த வைத்தியம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதுவது அவன் வழக்கம். முதல் மூன்று கட்டங்களும் நிரம்பின. நான்காவதில் பேனா முனை தொட்ட இடத்திலேயே நின்று, மை ஒரு பொட்டாக ஊறியது.

வெளியே ஐப்பசி மூடுபனி. மூன்று மணிக்கே இறங்கிவிட்டது. முற்றத்தில் இருந்த எடைக் கொட்டகை கரைந்துபோய், அதன் தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீரின் ஒலி மட்டும் மிச்சமிருந்தது. மதியமே கரண்டு போய்விட்டது. லேப்டாப்பின் வெளிச்சத்தில் மேசையும் நோட்டும், உறுப்பினர்கள் வந்து நிற்கும் ஜன்னலின் இரும்புக் கம்பிகளும் தெரிந்தன. கம்பிகளுக்கு அப்பால் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது.

“ஏனுங்க சார், இன்னும் வேகலீங்களா?” என்றார் குழந்தைவேலு, சாக்குகளை மடித்தபடி. சங்கத்தில் மிளகு மூட்டைகளை நிறுக்கிறவர் அவர். செந்தில்நாதன் மென்பொருளைக் கட்டும் வேலைக்கு அவர் வைத்த பெயர் சோறாக்குவது.

“பாதியில அணைஞ்சுபோச்சு.”

“நாளைக்குப் பொதுக்குழுவுங்க. உறுப்பினர் பட்டியல் இல்லீன்னா மேடையேறி நீங்கதான் பாட்டுப் பாடோணும்.”

“நீங்க பாடுங்க.”

“நான் பாடுனா தலைவர் ராஜினாமாப் பண்ணீருவாருங்க.”

செந்தில்நாதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மலை மிளகுச் சங்கத்தில் கணக்கு எழுதும் மென்பொருள் காசு கொடுத்து வாங்கியதல்ல. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தது. சங்கத்தின் பழைய லேப்டாப்புக்கு ஆயத்தமாக எதுவும் கிடைக்காது. அதனால் அதன் மூலநிரலை இறக்கி, ஓடும் மென்பொருளாக அவனே கட்டி எடுப்பான். கட்டும்போது, எல்லாம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் நூற்றுச் சொச்சம் சோதனைகள் ஒவ்வொன்றாக ஓடும். ஒன்று தவறினாலும் வேலை நின்றுவிடும். திரையில் வரும் வாசகங்களைத் தமிழாக்கியதும் அவன்தான். நாமக்கல்லிலிருந்து வந்த பையன் பொட்டியைத் தமிழ் பேச வைத்துவிட்டான் என்று மலையெல்லாம் பேச்சு. கம்ப்யூட்டர் சார் என்றால்தான் இங்கே அவனைத் தெரியும்.

போன மாசியில், தணிக்கைக்கு முந்தின நாள், இதே எண்பத்தெட்டாம் சோதனையில்தான் வேலை நின்றது. காரணம் பிடிபடவில்லை. அந்த மென்பொருள்காரர்களின் இணைய மன்றத்தில் கேட்டான். முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார்: ‘அந்தச் சோதனையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது உங்களிடம் எதையோ சொல்கிறது.’ ராத்திரி சாப்பாட்டு நேரம் வரை பார்த்தான். பிறகு அந்த வரிக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு அதை ஊமையாக்கினான். எல்லாம் பச்சையாகத் தேறியது. மறுநாள் தலைவர் அவனுக்குத் தன் கையால் டீ கொடுத்தார்.

மலையில் பெயர்கள் குறைவு. நாடு என்று இங்கே சொல்லும் ஊர்த்தொகுதிகளில், அரியூர் நாட்டில் ஒரு கண்ணாயி, கணவர் சின்னுசாமி. பைல் நாட்டிலும் ஒரு கண்ணாயி, கணவர் சின்னுசாமி. மென்பொருள் இருவரையும் ஒருத்தியாக்கிவிட்டது. பைல் நாட்டுக் கண்ணாயி போட்ட முப்பத்தெட்டுக் கிலோ மிளகு மற்றவள் பெயரில் ஏறியது. அரியூர்க் கண்ணாயியும் சங்கம் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதில் கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

பைல் நாட்டுக் கண்ணாயி மூன்று புதன்கிழமைகள் வந்தாள். மூன்றாவது வாரம் ஜன்னலுக்கு வெளியே இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

“எம் மொளகு போட்டனுங்களே, சாமி. முப்பத்தெட்டுக் கிலோ. இவருதானுங்க நிறுத்தாரு.”

“நான் ஒரு நாளைக்கு நூறு மூட்டை நிறுக்கறனாத்தா,” என்றார் குழந்தைவேலு. “உன் மூட்டைக்குக் கொம்பா மொளைச்சிருந்துச்சு?”

வரிசையில் யாரோ, “ஆத்தாளுக்கு மொளகு இன்னும் கொடியிலயே தொங்குது போலிருக்குது” என்றார்கள். சிரித்தார்கள். செந்தில்நாதன் திரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அந்தக் கைநாட்டு ரசீதை அவள் பக்கமாகத் திருப்பித் தள்ளினான். தாய் வயதுக்காரியை ஒருமையில் கேட்டான்.

“கைநாட்டு உன்னோடதுதானே? வாங்கிட்டு மறந்துட்டு வந்து நிக்கற.”

அவனும் சிரித்தான். அது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவள் தன் கட்டைவிரலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மிளகு உருவி உருவி வெடிப்புகளில் கறுப்பேறிய விரல். “நான் பொய் சொல்லலீங்க,” என்றாள். “எண்ணிக்கை சரியாகற வரைக்கும் வாரேனுங்க.”

நான்காவது புதன்கிழமை வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பியிருக்கிறாள். சங்கத்துக்கு முந்தின வளைவில், பனியில் நனைந்து, பாறையில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் விறைத்துக் கிடந்தாள். அவன் தள்ளிய ரசீது கையில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பிழை எங்கே இருக்கிறது என்று அவன் கண்டுபிடித்தான். திருத்தினான். சுத்தமாக ஓர் அறிக்கை எழுதி மன்றத்துக்கு அனுப்பினான். படிவத்தில் ‘இந்தப் பிழையால் யாருக்கேனும் பாதிப்பு உண்டா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. ‘இல்லை’ என்று எழுதினான். நன்றி சொல்லி, பங்களித்தவர்கள் வரிசையில் அவன் பெயரையும் சேர்த்தார்கள். திருத்தியதும் உறுப்பினர் எண்ணிக்கை 213 ஆகப் பிரிந்து நின்றது. பைல் நாட்டுக் கண்ணாயியின் வரியை அழித்தான். 212. யாரும் கேட்கவில்லை.

*

நான்கு இருபதுக்கு ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தபோது அவன் நாற்காலி பின்னுக்கு நகர்ந்துவிட்டது. கண்ணாயியின் மகள் தேன்மொழி. சேந்தமங்கலத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவள். முக்காட்டிலிருந்து தண்ணீர் வடிந்தது.

“நாளைக்குக் கூட்டமுங்களாமா, சார்.”

“ஆமா.”

“எனக்கு ஒண்ணும் தர வேண்டாமுங்க. எங்கம்மா பொய் சொல்லலைன்னு கூட்டத்துல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாப் போதும். ஊருல பொய்க்காரி மவளுன்னுதானுங்க கூப்புடறாங்க. எம் பொண்ணையும் பள்ளிக்கூடத்துல அப்படித்தான் கூப்புடறாங்க.”

குழந்தைவேலு சாக்கு மடிப்பதை நிறுத்தினார். செந்தில்நாதன் பேனாவுக்கு மூடி போட்டான். சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். நாக்கு அதைத் தொட்டுத் திரும்பியது.

“நான் பார்த்துட்டேம்மா. கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணும் இல்ல.”

“அது பொய் சொல்லாதுங்களா?”

“சொல்லாது,” என்றான், திரையைப் பார்த்தபடி.

அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். “வாரேனுங்க,” என்றாள். குழந்தைவேலு குடையை எடுத்துக்கொண்டு அவளோடு நாலே முக்கால் பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஒரு கேலி பேசாமல் அவர் கிளம்பியது இதுதான் முதல் தடவை.

*

மறுபடி கட்டினான். எண்பத்தேழு வரை பச்சை. எண்பத்தெட்டு சிவப்பு.

கோப்பைத் திறந்து பார்த்தான். வரிக்கு முன்னால் அவன் போட்ட குறி அப்படியே இருந்தது. ஊமையாகத்தான் இருந்தது. அந்தக் கோப்பையே அழித்துவிட்டுக் கட்டினான். எண்பத்தெட்டு சிவப்பு. இப்போது அதன் கீழே கூடுதலாக ஒரு வரி வந்திருந்தது.

‘எதிர்பார்த்தது: 213. இருப்பது: 212. ஒருவர் வெளியே நிற்கிறார்.’

முதல் இரண்டு வாக்கியங்கள் அவன் மொழிபெயர்த்தவை. மூன்றாவதை அவன் எழுதவில்லை. மூலநிரல் முழுக்க அந்த வாக்கியத்தைத் தேடினான். எங்கும் இல்லை என்று வந்தது. பேட்டரி முப்பத்தெட்டு சதவீதம் என்று ஓரத்தில் காட்டியது. அதைப் பார்க்காதவன்போல் இருந்தான்.

அப்போதுதான் வாசனை வந்தது. காயாத மிளகைச் சாக்கில் கட்டிப் போட்டால் ஒரு வாரத்தில் எழும் புளித்த, பூஞ்சை பிடித்த, மூக்கின் அடியில் எரிகிற வாசனை. ஐப்பசியில் சங்கத்தில் மிளகே கிடையாது. கொட்டகைப் பக்கம் தகரத்திலிருந்து சொட்டும் நீர் ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருந்தது, பின்பு அந்தச் சீரில் ஒரு சொட்டு குறைந்தது, பின்பு இன்னொன்று, தகரத்துக்கும் தரைக்கும் நடுவில் யாரோ வந்து நின்று தலையில் வாங்கிக்கொள்வதுபோல.

எடை மேடை ‘கீச்’ என்றது.

பாரம் ஏறினால் எழுப்பும் ஒலி. கரண்டு இல்லாவிட்டாலும் அது பேட்டரியில் ஓடும். திறந்திருந்த கதவு வழியாக, மூடுபனிக்குள், அதன் சிவப்பு எண்கள் மட்டும் தெரிந்தன. 38.0.

எண்கள் மாறவில்லை. பாரம் இறங்கியதும் 0.0. அப்புறம் ஈரத் தரையில் காலடி. ஒன்று. நின்று, இன்னொன்று. வயதானவர்களின் நடை.

அவன் கதவைப் பார்ப்பதை நிறுத்தினான். திரையைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே உறுப்பினர்கள் ஏறி நிற்கும் பலகை முனகியது. கம்பியில் கண்ணாடி வளையல் உரசியது.

தலையை நிமிர்த்தாதே. நிமிர்த்தாமல் இருப்பது அவனுக்குப் பழக்கம்தான்.

அழித்த வரியைத் திரும்பச் சேர்க்க ஒரே ஒரு கட்டளை போதும். மனப்பாடமாகத் தெரியும். விரல்கள் தாமாகவே அடித்தன. கண்ணாயி. கணவர் சின்னுசாமி. பைல் நாடு. முடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் 213. நாளைக்குப் பட்டியலில் அவள் பெயர் வரும். யார் இது என்று தலைவர் கேட்பார். குழந்தைவேலு பார்ப்பார். தேன்மொழி எழுந்து நிற்பாள். இருநூறு பேர். கம்ப்யூட்டர் சார். அந்தச் சிரிப்பு இந்தத் தடவை யார் பக்கம் திரும்பும் என்று அவனுக்குத் தெரியும்.

வெளியே மூச்சு. காத்திருக்கிறது. அவசரமில்லாத மூச்சு.

அடித்ததை அழித்தான். எழுத்து எழுத்தாக.

சோதனைகள் எதையும் நடத்தாமல் கட்டிவிடச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. இதுவரை அவன் பயன்படுத்தியதில்லை. அதை அடித்தான். பத்து நிமிட வேலை ஒரு நொடியில் முடிந்தது. பிழை இல்லை. எச்சரிக்கை இல்லை. உறுப்பினர்கள் 212.

வளையல் ஓசை நின்றது. வாசனையும் போய்விட்டது. நெஞ்சிலிருந்து காற்று வெளியே வந்தது. பட்டியலை உறுதிசெய்ய ஊழியரின் விரல் ரேகை வேண்டும். மேசையிலிருந்த சின்னக் கருவியில் கட்டைவிரலை வைத்தான்.

கண்ணாடி ஈரமாக இருந்தது.

‘ஒரே ரேகை இரண்டு பதிவுகளில் உள்ளது. இருவரும் ஒருவராக இணைக்கப்பட்டனர்.’

விரலை எடுத்தான். எடுக்கப் பார்த்தான்.

குளிர். முதுகில், தலையில், தோளில். நனைந்த துணியின் கனம். காலடியில் நாற்காலி இல்லை. பலகை. வெறுங்கால். மூக்குக்கு முன்னால் இரும்புக் கம்பிகள்.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் லேப்டாப் வெளிச்சம். அவன் நோட்டு. நான்காவது கட்டத்தில் மைப்பொட்டு. அவன் சட்டை. சட்டைக்குள் ஓர் ஆள். திரையைப் பார்த்துக் குனிந்திருக்கும் தலை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் செந்தில்நாதன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான்.

“எம் மொளகு போட்டனுங்களே, சாமி.”

பின்னால் மூடுபனிக்குள் ஒரு வரிசை நின்றது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

குனிந்திருந்த தலை நிமிரவில்லை. ஒரு கை மட்டும் நீண்டு ரசீதைத் திருப்பி அவன் பக்கம் தள்ளியது.

“கைநாட்டு உன்னோடதுதானே?” என்றது அவனுடைய குரல்.

கட்டைவிரலைப் பார்த்தான். வெடிப்புகளில் கறுப்பு. மேலே ஈரம் காயாத நீல மை.

அவனுடையதுதான்.