எழுதியது எழுதியபடி

அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தவன், திரையின் கடைசி வரியை இரண்டு முறை படித்தான். இன்றைய தேதி. மாலை 4:02. "போட்டுக்கிட்டேன்." சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று இருபதுதான்.

அம்மா போய் ஆறு வாரம் ஆகியிருந்தது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. நேரம் தப்பாக விழுவது அவன் தொழிலில் தினப்படித் தொல்லை. சர்வரின் நேரத்தைப் பார்த்தான். சரியாக இருந்தது. லேப்டாப்பின் நேரம், அதில் குறித்திருந்த ஊர், எல்லாம் சரி. எந்த நாட்டு நேரத்துக்கு மாற்றிப் பார்த்தாலும் அந்தப் பொத்தான் அழுத்தல் இன்னும் நடக்காத ஒன்று. அது வந்திருந்தது அம்மாவின் மருந்து மணிப் பெட்டியிலிருந்து. அதன் பேட்டரிகளைக் கழற்றி, பெட்டியோடு சேர்த்து டிராயரில் போட்டு மூடியவன் அவனேதான்.

திரையிலிருந்த இணையதளத்தை எழுதியவனும் அவன்தான். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மருந்து நேரத்தை நினைவூட்டுவது அதன் வேலை. பிள்ளைகள் எங்கிருந்து வேண்டுமானாலும் நேரத்தைப் பதியலாம்; வீட்டிலிருக்கும் சின்னப் பெட்டி மணியடிக்கும்; மருந்து போட்டதும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் "போட்டுக்கிட்டேன்" என்று தளத்தில் பதிவாகும். அம்மாவுக்குக் காலையில் ஒரு இன்சுலின் ஊசி, மாலை ஆறு மணிக்கு ஒன்று. "மணி அடிச்சா போடு. அடிக்காம போடாதே. நீயா கணக்குப் பண்ணாதேம்மா" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். குத்தியபின் ஊசியை எடுக்காமல் பத்து எண்ணச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். அம்மா எப்போதும் ஏழு என்பதை விட்டுவிட்டு ஆறிலிருந்து எட்டுக்குப் போய்விடுவாள்.

"ஏழை முழுங்கிட்டியேம்மா."

"குத்திக்கிறது நான். ஒண்ணு குறைஞ்சா உனக்கென்னடா நட்டம்?"

டாக்டர் காலை ஊசியை ஒன்பது மணிக்கு மாற்றச் சொன்னபோது, வெளிநாட்டிலிருந்த அக்காதான் அதைப் பதிந்தாள். அவள் ஊர் இங்கிருந்து ஏழு மணி நேரம் பின்னால். அவள் எழுதிய ஒன்பதை, அவள் கணினி இருந்த ஊரின் ஒன்பதாக அவன் நிரல் எடுத்துக்கொண்டது. ஊசி போட்டுக்கொள்பவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று அது கேட்கவே இல்லை. அக்காவின் காலை ஒன்பது இங்கே மாலை நாலு.

மாற்றிய முதல் நாள் காலை பதினோரு மணிக்கு அம்மா போன் செய்தாள். "மணி இன்னும் அடிக்கலையேடா." அவன் ஒரு மீட்டிங்கில் இருந்தான். "அடிக்கும்போது போடும்மா" என்று வைத்துவிட்டான்.

நாலுக்கு அடித்தது. ஆறுக்கும் அடித்தது. அம்மா சொன்ன பேச்சைத் தட்டாதவள். இரண்டு முறையும் ஊசி போட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தியிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி; சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. அவன் வந்து பார்த்தபோது பெட்டி அவள் மடியில் இருந்தது.

அக்கா என்ன எழுதினாள் என்பதை நிரல் வைத்துக்கொள்ளவில்லை. மாற்றிய நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டது. போன வாரம்தான் சத்தமில்லாமல் அதைத் திருத்தினான். நோயாளியின் ஊர் கட்டாயம் என்றாக்கினான். "எழுதியது எழுதியபடி" என்று புதிதாக ஒரு கட்டமும் சேர்த்தான். பழைய பதிவுகளில் அந்தக் கட்டம் காலி. கையோடு அக்கா உள்ளே வந்து பார்க்க முடியாதபடி அவள் கணக்கையும் மூடினான்.

மூன்றே முக்காலுக்கு அக்கா கூப்பிட்டாள்.

"டேய், ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் ஒன்பதுன்னுதானே போட்டேன்?"

அவன் திரையைப் பார்த்தான்.

"இங்க நாலுன்னுதான்க்கா காட்டுது."

பொய்யில்லை. அவன் திரையில் அது நாலாகத்தான் காட்டியது.

 "அப்ப நான்தான். ஏதோ தூக்கக் கலக்கத்துல... பெத்தவளை நானே கொன்னுட்டேன்டா."

"விடுக்கா. நீ வேணும்னா செஞ்சே?"

பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டான். போனை வைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினான்.

திரையில், ஆறு வாரத்துக்கு முந்தைய அந்தப் பதிவில், காலியாக இருந்த கட்டம் காலியாக இல்லை.

காலை 9.

அழித்தான். பக்கத்தைப் புதுப்பித்தான். காலை 9. மறுபடி அழித்தான். சமையலறையில் பிரிட்ஜின் கதவு பிசுக்கென்று விடுபடும் சத்தம் கேட்டது; அம்மா மருந்து வைக்கும் மேல்தட்டிலிருந்து வரும் அந்தக் குளிர் தரையோடு ஊர்ந்து வந்து அவன் கணுக்காலைத் தொட்டது; அதன் பின்னாலேயே ஸ்பிரிட் வாசனை வந்தது, அப்போதுதான் நனைத்த பஞ்சின் வாசனை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ சிரித்தபடி போனார்கள்.

திரையில் புதிதாக ஒரு பதிவு.

யாருக்கு: சின்னவன்.

பதிந்தவர்: அம்மா.

ஊர்: இந்த வீடு.

எழுதியது எழுதியபடி: நாலு மணிக்கு ஒண்ணு, ஆறு மணிக்கு ஒண்ணு.

டிராயருக்குள் மணி அடித்தது.

இழுத்துத் திறந்தான். பேட்டரிகள் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்தன. மணி நிற்கவில்லை. போனை எடுத்தான். அக்காவிடம் சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். நீ ஒன்பதுன்னுதான் போட்டேக்கா. அவ்வளவுதான். இவ்வளவு சின்ன வாக்கியம்.

"என்னடா?" என்றாள் அக்கா. அழுது கம்மிய குரல்.

வாய் திறந்தது. சொல் வரவில்லை. சட்டை நுனி தானாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வயிற்றில் ஈரப் பஞ்சு. ஐஸாக.

இரண்டு விரல்கள் சதையைச் சேர்த்துப் பிடித்தன. அவன் சொல்லிக் கொடுத்த மாதிரியே. பதமாக.

சுருக்கென்றது.

மணி நின்றது. 4:02.

திரையில் அடுத்த வரி ஏற்கெனவே வந்திருந்தது. மாலை 6:01. "போட்டுக்கிட்டேன்." அதற்குக் கீழே எதுவும் இல்லை.

"சொல்லுடா, யாரு கூட இருக்கா? யாரு எண்ணுறது?" என்றாள் அக்கா போனில்.

அவன் காதுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல்.

நாலு.

அஞ்சு.

ஆறு.

எட்டு.