ஊதாப் பாத்தி

“விரிப்பை எடுத்துட்டுப் போன்னு சொல்லுதேன், காதுல விழலியாட்டி?” பெர்பெத்தா போட்ட கூச்சலில், படகுத்துறையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வாய் கொப்பளிக்க மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“இந்த வாரம் உங்க முறை மயினி. நான் எடுத்தா சங்கத்துல என்னையில்ல கேப்பாக!” பக்கத்து வீட்டு ரொசாரியும் குரலை இறக்கவில்லை.

“கேக்கட்டும். நாளைக்கு எம் மவளைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அடியில கண்ணாடி வச்ச படகுல வாறாக. எம் பவளத்தை மூடி வச்சா என்னத்தைப் பாப்பாக, எம் மூஞ்சியையா?”



கடல் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து தூத்துக்குடிக் கரையில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் நகையைக் கேட்பதில்லை, பாத்தியைக் கேட்கிறார்கள். கடலுக்கடியில் வீட்டுக்கொரு பவளப்பாத்தி. அலையைத் தடுப்பது அதுதான். பாத்தி செத்தால், கரையில் குடியிருக்கக் கொடுத்த கரைச்சீட்டு ரத்து. குடும்பத்தோடு உள்நாட்டு முகாமுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். வெயிலை மறைக்கும் மிதக்கும் நிழல்விரிப்போ இரண்டு வீட்டுக்கு ஒன்று.

ரொசாரியின் பாத்தி வடிகஞ்சியாக வெளிறிக்கொண்டிருந்தது. பெர்பெத்தாவுடையது நேற்றுவரை பழுப்பு. இன்று பளபளவென்று ஊதா. மாதா கோயில் தேருக்குக்கூட அப்படி ஜோடித்ததில்லை.

இந்தக் கரைக்கு அந்த ஊதா புதிது. ரொசாரிக்கு இல்லை. பாம்பன் பக்கம் அவள் அம்மா வீட்டுப் பாத்தியில் பார்த்திருக்கிறாள். சூடு தாங்காத பவளம் தன்னைக் காத்துக்கொள்ள உடம்பில் ஏற்றிக்கொள்ளும் கடைசிச் சாயம் அது. உடனே நிழல் போட்டால் பிழைக்கும்.

“மயினி, அந்த நெறம்…” என்று தொடங்கினாள்.

“வயிறு எரியுதாக்கும்? ஒம் பாத்தி வெளுத்துக் கெடந்தா நான் என்னட்டி செய்ய?”

ரொசாரி நிறுத்திக்கொண்டாள். கோபம் இல்லை, கோபம் வந்திருந்தால் உண்மையைக் கொட்டியிருப்பாள். விரிப்பை இழுத்துப்போய்த் தன் பாத்திமேல் கட்டினாள். கை தன் பாட்டுக்கு முடிச்சுப் போட்டது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், வாய் பிளந்தார்கள், நிச்சயம் செய்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு பெர்பெத்தாவின் பாத்தி சுண்ணாம்பாகக் கிடந்தது. நிச்சயமும் முறிந்தது.

“ஊர்க்கண்ணு பட்டுட்டுட்டி,” என்று பெர்பெத்தா அழுதது ரொசாரியின் தோளில்தான்.

“ஆமா மயினி,” என்றாள் ரொசாரி. மூட்டை கட்டவும் கூடமாட நின்றாள்.

பெர்பெத்தா குடும்பம் உசிலம்பட்டிப் பக்கத்து முகாமுக்குப் போயிற்று. அங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறவனை மகள் கட்டிக்கொண்டாள். நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி. இங்கே அந்தப் பழைய மாப்பிள்ளை, தை பிறந்ததும் ரொசாரியின் மகள் டெய்சிக்குத் தாலி கட்டினான். பந்தியில், “ரொம்பச் சந்தோஷமாக்கும்?” என்று நோண்டிக் கேட்டவர்களிடம் ரொசாரி சோற்றை வைத்தபடியே சொன்னாள்:

“பாத்தி பொழைச்சிட்டு.”