பச்சை விளக்கும் எரியும் கையும்

கப்பல் பழுதுபார்க்கும் தளத்தின் வாசலில், காலை ஷிஃப்டுக்கு வந்தவர்கள் வரிசையாக நின்று மணிக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தோலுக்கடியில் ஒரு சின்ன விளக்கு. பச்சை என்றால் உள்ளே போகலாம், மஞ்சள் என்றால் மருந்தகம், சிவப்பு என்றால் ஆம்புலன்ஸ். பல் விளக்குவதைப்போல் தூத்துக்குடிக்கே பழகிப்போன சடங்கு அது.

ஜெசிந்தா இடது கையை நீட்டினாள். வலது கை மெல்லிய துணிக்குள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. கடற்காற்று அந்தத் துணியை அசைத்தாலே போதும், கொதிக்கிற எண்ணெயில் முக்கி எடுத்ததுபோல் கை எரியும்.

"கையில என்னம்மா துணி?" என்றார் காவலர்.

"எரியுது அண்ணாச்சி."

அவர் விளக்கை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "பச்சைதான காட்டுது?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தக் காலத்தில் யாருக்கும் எதுவும் வலிப்பதில்லை. பள்ளியில் சேர்க்கும்போதே பிள்ளைகளின் பிடரியில் 'வலிக்காவல்' என்ற சில்லைப் பொருத்திவிடுவார்கள். உடம்பில் எங்கே அடிபட்டாலும் நரம்பு வழியாக ஏறிவரும் சேதியை அது மறித்து, மூளைக்கு ஒரு மெல்லிய தட்டலாக மட்டும் சொல்லும். மணிக்கட்டு விளக்கின் நிறமும் அது சொல்வதுதான். முழங்காலில் சிராய்ப்பு, கழுவு. அவ்வளவுதான். பிரசவம்கூடத் தட்டல்களோடு முடிந்துவிடும். 'வலி' என்ற சொல் பழைய பாட்டுகளிலும் காதலில் தோற்றவர்கள் பேச்சிலும் மட்டும் மிச்சமிருந்தது.

ஜெசிந்தா வெல்டர். இரும்பு ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது அவளுக்கும் தட்டல்தான் கேட்டது. மாவுக்கட்டுப் போட்டார்கள், எலும்பு கூடியது. கட்டைப் பிரித்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. கை வீங்கியது. ஒரு நேரம் சிவந்து கொதித்தது, ஒரு நேரம் நீலம் பாரித்துச் சில்லிட்டது. உள்ளங்கை வியர்த்தபடியே இருந்தது. நகங்கள் தடித்தன. எல்லாவற்றுக்கும் மேலே அந்த எரிச்சல். அப்படி ஒன்றை அவள் நினைவு தெரிந்ததிலிருந்து அனுபவித்ததில்லை. புத்தி பேதலிக்கிறதோ என்றுதான் முதலில் பயந்தாள். ஒருநாள் மகள் அமலி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள். ஜெசிந்தா அலறிப் பிள்ளையைத் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகு அமலி அம்மாவின் வலப்பக்கம் வருவதேயில்லை.

கணவன் கில்பர்ட் கெட்டவனல்ல. அலைமின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன். கருவி சொன்னால் நம்புகிறவன். "பச்சைன்னு காட்டுதே ஜெசி, அப்புறம் என்ன?" என்று அவன் அன்பாகத்தான் கேட்டான். அன்பாகக் கேட்டதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

மருத்துவமனையிலும் அதே பேச்சு. எலும்பு சேர்ந்துவிட்டது, வலிக்காவல் ஒழுங்காக வேலை செய்கிறது. தொந்தரவாக இருந்தால் கையை எடுத்துவிட்டு இயந்திரக் கை பொருத்தலாம். செருப்பு மாற்றுவதுபோல் சொன்னார் மருத்துவர். ஜெசிந்தா சரி என்றுவிட்டாள். கோடாலி கிடைத்திருந்தால் அவளே வெட்டிப்போட்டிருப்பாள்.

அறுவைக்கு முன்னால் புதுக் கையைப் பழக்க இயன்முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாத்திமுத்து என்று பெயர், அவள் வயதுதான் இருக்கும். விளக்கைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். தொடாமல், நெருங்காமல், சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து, "எப்படி வலிக்குது, சொல்லுங்க" என்றாள்.

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஜெசிந்தா குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"இதுக்குப் பேரு இருக்கு. சிக்கலான பகுதி வலி நோய். பழைய மருத்துவத்துல சி.ஆர்.பி.எஸ்.னு சொல்வாங்க. நீங்க கற்பனை பண்ணல."

"அப்ப ஏன் பச்சை காட்டுது?"

"காவல் வாசல்ல நிக்குது. கள்ளன் வீட்டுக்குள்ள இருக்கான்." பாத்திமுத்து தன் பிடரியைத் தொட்டுக் காட்டினாள். "காயம் ஆறிடுச்சு. ஆனா நரம்பு மண்டலம் அபாய மணிய நிறுத்த மறந்துட்டு. காத்து பட்டாக்கூட நெருப்புன்னு படிக்குது. மூளைக்குள்ள இந்தக் கைக்குன்னு ஒரு படம் இருக்கும், அதுவும் கலைஞ்சு கிடக்கு. காவல் வேற இறுக்கி இறுக்கி மூடுறதால நல்ல தொடுகையும் போய்ச் சேரல."

"கையை எடுத்துட்டா?"

"கை போயிரும். எரிச்சல் போகும்னு என்னால சொல்ல முடியாது. இல்லாத கையும் எரியும்."

வேறு வழி என்ன என்று கேட்டாள். பாத்திமுத்து சொன்னாள்: சில்லை அணைத்துக் காவலைத் திறந்துவிட வேண்டும், கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டும் அசைத்தும் மூளைக்குப் புதிதாகப் பழக்க வேண்டும். உடம்பில் மற்ற எல்லா வலியும் அப்போது தெரியும். முழுசாகக் குணமாகுமா என்றால், சிலருக்குப் போகும், சிலருக்குக் குறையும்.

வீட்டில் கில்பர்ட் கொதித்தான். "கண்ணத் தொறந்துக்கிட்டே கெணத்துல விழச் சொல்லுதாங்களா? பேசாம கையை மாத்திட்டு வந்துரு."

"நீங்க ஒரு வாரம் தொறந்து வச்சுப் பாருங்க. அப்புறம் பேசுங்க." கோபத்தில் சொன்னாள். அவன் செய்வான் என்று நினைக்கவில்லை.

மறுநாள் அவள் காவலைத் திறக்க மருத்துவமனைக்குப் போனபோது அவனும் கூட வந்து தன் காவலையும் திறக்கச் சொன்னான். சாயங்காலம் கட்டில் விளிம்பில் கால் சுண்டுவிரல் இடித்தது. "அம்மா!" என்று ஒரு சத்தம். தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று அவனுக்கே பிடிபடவில்லை. தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத ஜெசி. இது எப்ப நிக்கும்?"

"கொஞ்ச நேரத்துல நின்னுரும். இது நிக்கிற வலி."

"ஒனக்கு?"

கில்பர்ட் விரலைப் பிடித்தபடியே துணிக்குள் இருந்த கையை வெகுநேரம் பார்த்தான். "இத்தன மாசமா?" என்றான்.

அறுவை வேண்டாம் என்று இருவரும் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

முதல் வாரங்கள் கொடுமையானவை. திரையில் வரும் படங்களைப் பார்த்து இது இடது கை, இது வலது கை என்று சொல்லப் பழகினாள். தன் வலது கையே அவளுக்கு அந்நியமாக இருந்தது. பிறகு அசையாமல் உட்கார்ந்து, கையை அசைப்பதாக நினைத்துப் பார்த்தாள். நினைத்ததற்கே எரிந்தது. அதற்கும் பிறகு கண்ணாடி. வலது கையை அதன் பின்னால் மறைத்துவிட்டு, இடது கை விரல்களை விரித்தாள். கண்ணாடிக்குள் ஒரு வலது கை வலியில்லாமல் விரிந்தது. "பாருங்க, பொய்தான். ஆனா மூளை கொஞ்சம் நம்பும்" என்றாள் பாத்திமுத்து.

வீட்டில் கில்பர்ட் பட்டுத்துணியால் தடவிவிட்டான். பட்டு பொறுத்தபோது பஞ்சு, பஞ்சு பொறுத்தபோது துண்டு. எப்போதும் "வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே தொட்டான். நல்ல நாளில் ஜெசிந்தா ஆசைப்பட்டுப் பயிற்சியை அதிகமாகச் செய்து, மறுநாள் படுத்த படுக்கையானாள். "நல்லா இருக்கிற நாள்லயும் அளவாத்தான் செய்யணும்" என்று பாத்திமுத்து திட்டினாள். எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு அழுத நாட்களும் இருந்தன. ஆனால் வீக்கம் வடிந்தது. விரல்கள் மடங்கின. ஒரு காலையில் கரண்டியைப் பிடித்தாள். வெல்டிங் வேலைக்குப் போக முடியவில்லை. தளத்தில் வெல்டிங் இயந்திரங்களை மேற்பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

கில்பர்ட்டின் வாரம் எப்போதோ முடிந்திருந்தது. காவலை மூட வரச் சொல்லி அழைத்தவர்களிடம், "இருக்கட்டும். பிறகு பாப்போம்" என்றான். அப்புறம் அவன் போகவே இல்லை.

ஐப்பசியில் ஒரு மாலை அமலியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. துளிகள் நேராகக் கைமேல் விழுந்தன. ஜெசிந்தா பல்லைக் கடித்து நின்றாள். முன்பென்றால் ஓடியிருப்பாள், இப்போது ஓடவில்லை.

அமலி நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் வகுப்பில் யாரும் யாரிடமும் கேட்காத ஒன்றை, அப்பா வீட்டில் கேட்பதுபோலவே கேட்டாள். "வலிக்குதாம்மா?"

"வலிக்குது கண்ணு. எரியத்தான் செய்யுது." ஜெசிந்தா கையைத் திருப்பி உள்ளங்கையில் மழையை வாங்கினாள். "ஆனா அதுக்குள்ள குளிருது பாரு. மழை மாதிரியே இருக்கு."

அமலி வலப்பக்கம் வந்து நின்றுகொண்டாள்.