பூஜ்ஜியம் காட்டிய மழைமானி

மதியம் 2.40. சூறாவளி இன்னும் கரையைத் தொடவே இல்லை; அதற்குள் ஹுவாலியன் மலையில் மழை பேயாட்டம் ஆடியது. வெந்நீர் ஊற்று விடுதிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த தானியங்கி மழைமானி மட்டும் காலையிலிருந்து பூஜ்ஜியம். ஊருக்கே மழை, அதற்கு மட்டும் வெயில் போல. இன்ஸ்பெக்டர் ரூவான் அதன் பெட்டியைத் திறந்தார். கம்பி பிடுங்கப்பட்டுக் கிடந்தது. பூட்டு உடையவில்லை. உள்ளே மஞ்சள் உறையில் ஒரு சோளப்பொரிப் பொட்டலம், புத்தம் புதிது.

சாவி இரண்டே பேரிடம்: மழையைக் கணிக்கும் கணினி மாடலை எழுதிய பெங், விடுதி மேலாளர் லியாவ்.

இருவரையும் விடுதிக் கூடத்தில், மஞ்சள் பொட்டலங்கள் தொங்கிய கடையருகே நிறுத்தினார் ரூவான். பெங்கின் மடிக்கணினி மேல் அதே சோளப்பொரி, பச்சை உறையில். இயந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க எங்கள் தைவானில் வைக்கும் படையல் அது. அதிகம் படித்தவன்தான் இதில் முதல் பக்தன்.

"பூஜ்ஜியத்தை நம்பி மாடல் 'ஆபத்தில்லை'ன்னுடுச்சு, மேடம். பக்கத்து மழைமானிகளை வச்சு மறுபடி ஓட்டினேன். ஆறு மணிக்கு ஓடை உடைச்சிட்டு வரும். விருந்தாளிகளை இப்பவே பஸ்ல ஏத்துங்க," என்றான் பெங்.

லியாவ் சிரித்தார். "போன மாசமும் ரெண்டு தடவை காலி பண்ண வச்சான். மழை பிசுபிசுத்துப் போச்சு. இந்தத் தடவையும் மாடல் தோத்துடுமேன்னு இவனே கம்பியைப் பிடுங்கிட்டுக் கதை விடறான்."

"கடைசியா எப்ப பெட்டியைத் திறந்தீங்க, பெங்?"

"போன வாரம். பொட்டலம் மாத்தப் போனேன்."

"நீங்க?"

"நான் அந்தப் பக்கமே போகல," என்றார் லியாவ்.

ரூவான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பெங் பொய்யனென்றால், அவன் கணக்கை நம்பி இந்த மழையில் மலைப்பாதையில் பஸ்ஸை விடுவது ஆபத்து. கணக்கு மெய்யென்றால் இங்கே இருப்பதே சாவு.

"பெட்டிக்குள்ள மஞ்சள் பொட்டலம் வச்சது யாரு?"

"இவன்தான். கம்ப்யூட்டர்காரங்க பழக்கம்," என்றார் லியாவ்.

பெங் பதறினான். "மஞ்சளா?"

"பச்சை விளக்குன்னா மிஷின் ஓடுது, மஞ்சள்னா கோளாறு," என்றார் ரூவான். "எந்தக் கம்ப்யூட்டர்காரனும் மஞ்சளை மிஷின் பக்கம் கொண்டு போக மாட்டான். கம்பியைப் பிடுங்கறப்போ இவர் வச்ச பச்சை சேத்துல விழுந்திருக்கு. திறந்தது தெரியக்கூடாதுன்னு உங்க கடையிலேர்ந்து ஒண்ணை எடுத்து வச்சிட்டீங்க, லியாவ்."

லியாவ் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவை காலி பண்ணா விடுதியை இழுத்து மூடணும், மேடம்."

"பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்க."

4.30. கடைசி ஆளும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இறங்கியாயிற்று. 5.00. ஓடை வந்து விடுதியின் கீழ்த்தளத்தை அடித்துக்கொண்டு போனது. மேட்டிலிருந்து பார்த்த ரூவான் பெங்கிடம் திரும்பினார்.

"ஜெயிச்சிட்டீங்க, பெங்."

பெங் நனைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தான்.

"ஒரு மணி நேரம் தப்பு, மேடம். ஆறு மணிதானேன்னு அஞ்சரைக்குக் கிளம்பியிருந்தா?"