எச்சில் கல்

கோட்டைக் கதவு ஓர் ஒட்டகம் நுழையும் அளவுக்குத் திறந்தது. எயினியும் ஒட்டகக்காரன் காரியும் ஒரே ஒட்டகத்தில் வெளியே பாய்ந்தார்கள். முதலில் காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான். தூ, தூ என்று நூற்றுக்கணக்கான வாய்கள் துப்பிக்கொண்டிருந்தன. ஒரு பொட்டு ஈரம் இல்லாத வாய்கள்.

"செத்த பிறகும் நம்ம மேல காறித் துப்புதுங்க. திமிரு அடங்குதா பாருங்கக்கா," என்றான் காரி.

"பேசாம ஓட்டு. தொட்டுச்சுன்னா நம்ம ஈரத்தையும் உறிஞ்சிரும்."

ஆனால் ஒன்றும் துரத்தவில்லை. எல்லாம் கதவையே பார்த்தபடி நின்றன. எயினிக்கு அது விசித்திரமாகத்தான் இருந்தது.

தாழிக்கோட்டைக்காரர்கள் அவற்றைக் காய்ந்தவர்கள் என்பார்கள். பாலையில் தாகத்தால் செத்துக் காய்ந்து, எழுந்து நடந்து வந்த பிணங்கள். முதலில் வந்தவை ஏழெட்டுத்தான். நாக்கு வற்றிப் பேச்சு வராதே தவிர, முகம் உயிரோடிருந்த ஆளை அப்படியே உரித்து வைத்திருக்கும். ஏமாந்துவிடக் கூடாதே என்று ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. வெளியிலிருந்து யார் வந்தாலும் வாசலில் கிடக்கும் கருங்கல்லில் துப்ப வேண்டும். கல் நனைந்தால் கதவு திறக்கும். நனையாவிட்டால் மதில்மேலிருந்து கல்லடி. மகா புத்திசாலி ஊர்!

பதினோரு வருடம் அந்த வாசலைக் காத்தவள் எயினி. ஒரு பிணத்தைக்கூட அவள் உள்ளே விட்டதில்லை என்று ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. சொந்தத் தம்பியையே கல்லால் அடித்து விரட்டியவள் ஆயிற்றே.

இப்போது கிணற்றில் எட்டு நாள் தண்ணீர்தான் மிச்சம். மலையிலிருந்து வரும் நிலத்தடி வாய்க்காலின் மதகு கோட்டைக்குள்தான் இருக்கிறது. அதைத் திறக்கும் வெண்கலச் சாவி மட்டும் இரண்டு நாள் தொலைவில், இடிந்துபோன மேட்டுக்கோட்டையில். இரண்டு வருடத்துக்கு முன் அதை எடுக்கப் போனவன்தான் அவள் தம்பி ஆதன். வெறுங்கையோடு, பிணமாகத் திரும்பினான் என்றது ஊர். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

மேட்டுக்கோட்டையின் பாதாள அறைக்குள் கயிறு கட்டி இறங்கினார்கள். தேளை மிதித்துத் தள்ளி, சரிந்த மணலைக் கையால் வாரினார்கள். சாவி மாடம் தெரிந்தது. உள்ளே காலி. மாடத்து வளையத்தில் நீலத் துணிக்கிழிசல் ஒன்று கட்டியிருந்தது.

எயினி அதை விரலால் தடவிப் பார்த்தாள். ஆதனின் தலைப்பாகைக்கு அவளே சாயம் போட்ட துணி.

"அவன் எடுத்துட்டுத்தான் வந்திருக்கான்க்கா," என்றான் காரி மெதுவாக.

வாசலில் நின்ற ஆதன் ஒரு மூட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது அவளுக்கு நினைவு வந்தது. 'எறியப் போறான், அடிங்கடா' என்று கத்தியவள் அவள்தான்.

"அப்பவே செத்துட்டான் காரி. கல்லு நனையலையே," என்றாள்.

மேலே ஏறி வந்ததும், காரி அவள் முகத்தைப் பார்க்காமல் ஒட்டகத்தின் கயிற்றை அவிழ்த்தான்.

திரும்பும் வழியில் மணல் உள்வாங்கியது. ஒட்டகம் விழுந்தது. அதன் அடியில் தண்ணீர்ப் பைகள் இரண்டும் நசுங்கிப் போயின. அதற்குப் பிறகு ஒன்றரை நாள் நடை, ஒரு சொட்டு இல்லாமல். கோட்டை வாசலைச் சேர்ந்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. பெயர் சொல்லக்கூடக் குரல் எழவில்லை.

மதில்மேல் பிட்டன் நின்றான். அவளிடம் வேலை கற்றவன்.

"கல்லுல துப்புங்க," என்றான்.

தூ. கல் நனையவில்லை. காரியும் துப்பினான். தூ. அந்தச் சத்தம் சுற்றி நின்றவர்களின் சத்தத்தோடு கலந்தது. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

எயினி சுற்றி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். இவர்கள் யாரும் ஊரைக் காறித் துப்பவில்லை. உள்ளே விடச் சொல்லித் துப்பிக்கொண்டிருக்கிறார்கள். வரும்போது உயிரோடுதான் வந்திருக்கிறார்கள். வாசலில் நின்று நின்றுதான் காய்ந்திருக்கிறார்கள். அவள் காவலில்.

"மன்னிச்சிருங்கக்கா. நீங்க சொல்லிக்குடுத்ததுதான்," என்றான் பிட்டன். ஆனால் அவன் கை தயங்கவில்லை. முதல் கல் காரியின் நெற்றியில் விழுந்தது. அவன் எழவே இல்லை.

எயினி காய்ந்தவர்களின் நடுவே ஓடினாள். நீலத் தலைப்பாகை! ஆதன் மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். அவள் கையை நீட்டினாள். அவன் அதைக் கொடுத்தான். அவன் விரல் பட்ட அவள் இடது கை மணிக்கட்டு வரை சுள்ளியாய்க் காய்ந்தது. அவள் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

மூட்டையைப் பிரித்துச் சாவியை வெயிலில் உயர்த்திக் காட்டியதும் பிட்டன் கயிற்றை இறக்கினான்.

"சாவி மட்டும் வரட்டும்," என்றான்.

அவள் பல்லால் முடிச்சுப் போட்டாள். சாவி மேலே போனது. அவள் வெளியே நின்றாள்.

ஒரு நாழிகை கழித்து உள்ளே மதகு திறந்தது. மதிலடியில் மிகுதி நீர் வெளியேறும் கல்தூம்பிலிருந்து தண்ணீர் பீறிட்டது. எயினி முகத்தைப் புதைத்துக் குடித்தாள். காய்ந்தவர்களும் வந்தார்கள். ஒருவரையொருவர் தள்ளாமல் வரிசையாக வந்தார்கள். ஒரு வாய் குடித்ததும் அங்கேயே படுத்துக் கண்ணை மூடினார்கள். எழுநூறு பேர். ஆதனும் குடித்துவிட்டு அவள் மடியில் சாய்ந்தான். இப்போது அவன் தொட்டும் அவள் உடம்பு காயவில்லை.

உள்ளே முரசு முழங்கியது. கதவு அகலத் திறந்தது.

"முற்றுகை தீர்ந்துச்சுக்கா. ஊரே மாலையோட காத்துக்கிட்டிருக்கு," என்றான் பிட்டன்.

"முதல்ல ஒரு பானை தண்ணி கொண்டாந்து இந்தக் கல்லுப் பக்கத்துல வை. வர்றவங்க குடிச்சிட்டுத் துப்பட்டும். பதினோரு வருசமா எனக்கு இது தோணலை."

பிறகு ஆதனை ஒற்றைக் கையால் இழுத்து வந்து, அவன் தலையைக் கல்மேல் சாய்த்தாள். அவன் வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"கல்லு நனைஞ்சிருச்சு, பாத்துக்க," என்றாள். "இவனை உள்ள தூக்கிட்டுப் போ. கதவைச் சாத்தாத. அடுத்து காரி."