ஒரு 'ம்' செய்த வேலை

பட்டனின் அப்பா வாயைத் திறந்து பேசுவது குறைவு. 'ம்' சொல்வதுதான் அதிகம். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் தையல்காரர். வேலை நேரத்தில் அவருடைய உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள் இருக்கும். வாயைத் திறந்தால் ஊசி விழும்.

அதனால் அந்த வீட்டில் 'ம்' ஒரு தனி மொழி. சின்ன 'ம்' என்றால் சரி. 'ம்ஹும்' என்றால் வேண்டாம். நீளமான 'ம்ம்ம்' என்றால் பொறு.

பட்டன் என்பது அவளுடைய பள்ளிக்கூடப் பெயர் இல்லை. குட்டியாக, உருண்டையாக இருப்பாள். கண் அசந்தால் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்வாள். அதனால் அம்மா வைத்த பெயர்.

அந்த அம்மா இப்போது மருத்துவமனையில் இருந்தார். மாடிப்படியில் சறுக்கி விழுந்து, காலில் தொடை வரை மாவுக்கட்டு. இன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். காலை மடக்க முடியாது. காரின் பின்சீட்டில் நீட்டி உட்கார்ந்துதான் வர முடியும். கால் வைப்பதற்கென்றே அப்பா ஒரு நீள மெத்தை தைத்து, பூப்போட்ட உறையும் மாட்டி வைத்திருந்தார்.

அந்தக் கார் அம்மாவின் செல்லம். அதற்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது எப்போதும் அம்மாதான். மாற்ற வேண்டிய நாள் எப்போதோ தாண்டிவிட்டது. பார்க்கப் போகும்போதெல்லாம் அம்மா அதையே கேட்டார்.

"வண்டிக்கு ஆயில் மாத்தினீங்களா?"

நேற்று அப்பா, "மாத்தியாச்சு" என்று சொல்லிவிட்டார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்த பிறகு 'இன்னும் இல்லை' என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"பொய் சொல்லிட்டீங்களேப்பா" என்றாள் பட்டன், வரும் வழியில்.

"பொய் இல்லடா. நாளைக்கு மாத்திடுவோம்ல? கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

இன்று அந்த நாளை.

அப்பா காரின் முன்சக்கரங்களை அம்மாவின் சாய்வுப் பலகைகள் மேல் ஏற்றினார். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஒரு பழைய பாயை விரித்து, காருக்கு அடியில் நுழைந்தார்.

மாடி வீட்டு மாமா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், வண்டிக்கு அளவு எடுக்கறீங்களா?"

"ஆமா மாமா. பேன்ட் தைக்கணுமாம்" என்றாள் பட்டன். "நாலு காலுக்கு."

எஞ்சினின் அடியில் ஒரு போல்ட் இருந்தது. அதைக் கழற்றியதும் பழைய ஆயில் கருகருவென்று தொட்டியில் இறங்கியது. தொட்டி கொஞ்சம் சின்னது. ஆயில் விளிம்பு வரை வந்து நின்றது.

இனி போல்ட்டைத் திரும்ப மாட்ட வேண்டும். அதற்குப் புது வாஷர் ஒன்று போட வேண்டும். செம்பு வளையம், சட்டைப் பட்டன் அளவுதான். ஆனால் அது இல்லையென்றால் ஆயில் கசிந்துவிடும்.

அப்பாவின் ஒரு கையில் போல்ட். இன்னொரு கையில் துடைக்கும் துணி. வாஷரை எங்கே வைப்பது? பழக்கம் விடுமா? உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

மேலே முக்காலியில் நின்றிருந்த பட்டன் எஞ்சினின் வாயில் புனலைச் செருகியிருந்தாள். கையில் புது ஆயில் கேன். கை வலித்தது.

"அப்பா, ஊத்தட்டுமா?"

"ம்."

சின்ன 'ம்'. பட்டன் ஊற்றினாள். புது ஆயில் தேன் மாதிரி வழவழவென்று உள்ளே போனது. பார்க்க அழகாக இருந்தது.

கொஞ்ச நேரம்தான். அப்புறம் காருக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'ம்' மொழியில் அப்படி ஒரு சொல்லே கிடையாது.

"ஆஆ!"

தொட்டிக்குள் எதுவோ 'டொப்' என்று விழுந்தது. கூடவே இன்னொன்று 'டிக்' என்றது.

அப்பா வெளியே வந்தார். தலைமுடி பளபளத்தது. மூக்கு நுனியிலிருந்து ஆயில் சொட்டியது.

"ஊத்தவா சொன்னேன்?"

"'ம்'னு சொன்னீங்களேப்பா."

"மூக்கு மேல ஒரு சொட்டு விழுந்துச்சு. அதுக்குச் சொன்னது."

தொட்டி நிரம்பி வழிந்தது. கறுப்பு ஆயில் தரையில் நெளிந்து நெளிந்து வாசல் பக்கம் போனது. பட்டன் கேனை வைத்துவிட்டுத் தையல் அறைக்கு ஓடினாள். வெட்டுத்துணி மூட்டையை இழுத்து வந்து அப்படியே கவிழ்த்தாள். கோடு போட்டது, கட்டம் போட்டது, பூப்போட்டது எல்லாம் ஆயிலைக் குடித்து ஒரே நிறமாகின. ஆயில் நின்றது.

பட்டனின் கண்ணும் நிரம்பியது.

"நான்தான் கெடுத்துட்டேன்."

அப்பா அவள் பக்கத்தில் குந்தினார். கை முழுக்க ஆயில். தொட முடியாது. முழங்கையால் அவள் தோளை மெல்ல இடித்தார்.

"நீ கேட்டுட்டுத்தானே ஊத்தின? வாயில பொருளை வச்சிட்டு வேலை பார்த்தது யாரு?"

"நீங்க."

"அப்போ சரி. பாதி எனக்கு, பாதி உனக்கு. இல்ல, முக்கால்வாசி எனக்கு."

பட்டன் மூக்கை உறிஞ்சினாள். "போல்ட் எங்கப்பா?"

இருவரும் தொட்டியைப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கை விடலாம் என்றால், எஞ்சின் ஓடிய சூட்டில் ஆயில் இன்னும் சுட்டது. ஆறும்வரை காத்திருந்தால் மருத்துவமனைக்கு நேரத்தோடு போக முடியாது.

"கடையில வேற வாங்கலாமே?" என்றார் மாடி வீட்டு மாமா, மேலிருந்தபடி. பிறகு அவரே, "ஓ, இன்னைக்குக் கடை லீவுல்ல?" என்றார்.

"அம்மாகிட்ட ஃபோன் பண்ணிக் கேட்போமா?"

"ம்ஹும்" என்றார் அப்பா, அவசரமாக.

பட்டன் யோசித்தாள். தையல் அறையில் கீழே விழும் ஊசிகளை எடுக்க ஒரு காந்தம் உண்டு. அதை நூலில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். மீன் பிடிப்பது போல மெதுவாக இழுத்தாள். 'டக்' என்று ஒட்டியது. போல்ட்.

"என் தங்கம்" என்றார் அப்பா.

திரும்ப இறக்கினாள். ஒரு குண்டூசி வந்தது. திரும்பவும். ஒன்றும் வரவில்லை.

"வாஷர் செம்பு. காந்தத்துக்குச் சொந்தக்காரன் இல்ல. கூப்பிட்டா வராது" என்றார் அப்பா. அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் சொன்னதை அவ நம்பிட்டா. பாவம், காலை நீட்டிட்டு வாசலையே பார்த்திட்டிருப்பா."

பட்டன் தையல் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே கொக்கியில் வெள்ளை வலைத்துணி தொங்கியது. பள்ளி நாடகத்தில் அவள் மேகமாக வரப்போகிறாள். பாவாடைக்காக அப்பா வெட்டி வைத்த துணி. கோடி கோடியாகப் பொடி ஓட்டைகள்.

பட்டன் அதையே பார்த்தாள். பிறகு துணியையும் ஒரு வாளியையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ம்ஹும்" என்றார் அப்பா. "அது உன்னோட மேகம்."

"மேகத்துக்கு இன்னும் நாள் இருக்குப்பா. அம்மா இன்னைக்கே வராங்க."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு எலாஸ்டிக்கை எடுத்து வந்தார். வாளியின் வாயில் வலைத்துணியை விரித்து, எலாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டினார்கள். அப்பா பழைய துணியால் தொட்டியைப் பிடித்து மெல்லச் சாய்த்தார். ஆயில் வலை வழியாக இறங்கியது. வெள்ளை மேகம் கறுத்தது.

கடைசியில் வலையின் மேல் இரண்டு வட்டங்கள் மிஞ்சின. ஒன்று வாஷர். இன்னொன்று ஒரு சட்டைப் பட்டன்.

அப்பா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். நடுவில் ஒரு பட்டனைக் காணோம்.

"வண்டிக்குள்ளேருந்து வந்துச்சோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்" என்றார்.

"மேகம் போச்சேம்மா" என்றார் மாடி வீட்டு மாமா.

"போகல மாமா. மழை மேகம் ஆயிடுச்சு" என்றாள் பட்டன்.

"டீச்சர் ஒத்துக்கிட்டா, நல்ல சாம்பல் கலர் துணியில தைச்சுத் தரேன்" என்றார் அப்பா.

வாஷரையும் போல்ட்டையும் துடைத்துக்கொண்டு அப்பா மறுபடி காருக்கு அடியில் போனார். பட்டன் முக்காலியில் ஏறினாள்.

"இனிமே 'ம்' கிடையாதுப்பா. வாயைத் திறந்து சொல்லணும்."

"சரிங்க மேடம்."

கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து குரல் வந்தது. "போல்ட் போட்டாச்சு. முறுக்கியாச்சு. என் வாய் காலியா இருக்கு. ஊத்தலாம் மகளே, ஊத்தலாம்."

ஊற்றினாள். கீழே ஒரு சொட்டும் விழவில்லை. அப்பா காரைப் பலகையிலிருந்து இறக்கி, எஞ்சினை ஓட்டிப் பார்த்து நிறுத்தினார். பட்டன் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பார்த்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஆயில் நின்றது. நடுவில் நின்றால் போதும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் அம்மா பின்சீட்டில் நீட்டி உட்கார்ந்து வந்தார். கால், பூப்போட்ட மெத்தையின் மேல். அம்மா கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"நல்லா ஓடுது" என்றார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். "ஆமா, ஆயில் நேத்தே மாத்தினதுதானே? இன்னைக்கு ஏன் உங்க தலை இப்படி மின்னுது?"

அப்பா சாலையை மட்டும் பார்த்தார். பட்டன் ஜன்னலை மட்டும் பார்த்தாள்.

வீட்டு வாசலில் கார் நின்றது. அம்மா எட்டிப் பார்த்தார். தரையில் ஒரு பெரிய கறை. ஓரத்தில் கறுத்த துணிக் குவியல். வாளியின் மேல் கறுப்பு வலை.

"சிந்திட்டீங்களா?"

அப்பா உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். "ம்ம்ம்" என்றார், நீளமாக.

அம்மாவுக்கும் அந்த மொழி தெரியும். சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மாவுக்கட்டு குலுங்கியது.

"சரி, பொறுத்துக்கறேன். மொதல்ல என்னை இறக்குங்க. முழுக் கதையும் எனக்கு வேணும்."

அப்பா ஒரு பக்கம் பிடித்தார். பட்டன் மறுபக்கம் வந்து நின்றாள்.

"தூக்கட்டுமாம்மா?"

"ம்" என்றார் அம்மா.

பட்டன் அசையவில்லை.

"இன்னைக்கு 'ம்' செல்லாதும்மா. வாயைத் திறந்து சொல்லுங்க."