காணிக்கைச் சுவர்

காலை எட்டு நாற்பது. செவ்வாய்க் கோளின் மூன்றாம் குவிமாடத்தில் அது படம் பார்க்கும் நேரம்.

நானூறு பேர் வரிசையாகப் படக்கூடத்தில் நகர்ந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பதினோரு விநாடி. எல்லாருடைய காதுக்குப் பின்னாலும் கடுகளவில் ஒரு பொருள்மணி பதிக்கப்பட்டிருந்தது. படத்தின் எதிரே போய் நின்றதும் அது படத்தின் பொருளைக் காதுக்குள் சொல்லும். நாய் என்றால் விசுவாசம். மண்டையோடு என்றால் நிலையாமை. பாதி உரித்த எலுமிச்சை என்றால் வெளியே பளபளப்பு, உள்ளே புளிப்பு. கேட்டு முடித்ததும் நகர்ந்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் கண்ணை மூடிக்கொண்டே படம் பார்த்தார்கள். பொருள் காதில் வந்துவிட்ட பிறகு கண்ணுக்கு என்ன வேலை?

படங்களுக்குப் பொருள் எழுதும் குணாளன் மாடியில் நின்று அவர்களைப் பார்த்தான். மந்தை, என்று நினைத்தான். தினமும் நினைப்பதுதான்.

அந்த எலுமிச்சைக்குப் பொருள் எழுதியவன் அவன் அல்ல. ‘காலம் உரிந்துகொண்டிருக்கிறது’ என்று அவன் எழுதியதைப் பொருளவை தள்ளிவிட்டு, வேறொருவன் எழுதிய புளிப்பை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் ஒரு கோயில் யாளிக்கு அவன் எழுதியதும் தள்ளுபடி. மூன்று தள்ளுபடி ஆனால் பொருளுரைஞனின் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டு, தென் துருவத்துக்குப் பனி வெட்ட அனுப்புவார்கள். போனவர் யாரும் பத்து விரலோடு திரும்பியதில்லை.

மூன்றாவது வாய்ப்பு பின்னறையில் நின்றிருந்தது. ஒரு சுவர்.

கடைசியாகப் பூமியிலிருந்து வந்த சரக்குக் கலத்தில் வந்தது. தமிழ்நாட்டு நகரம் ஒன்றில், பேருந்து நிலையத்தின் பின்புறத்திலிருந்து அறுத்தெடுத்ததாகச் சீட்டு சொன்னது. ஆள் உயரம். முழங்காலுக்குச் சற்று மேலே வரிசையாக மூன்று டைல்கள். ஒன்றில் வேலோடு நிற்கும் இளைஞன். அடுத்ததில் கையை உயர்த்திய தாடிக்காரர். மூன்றாவதில் ஒரு குமிழ்க் கோபுரமும் பிறையும். மேலே நீலச் சாயத்தில், கோணல்மாணலாக ஒரு வரி: இங்கு சிறுநீர் கழிக்காதீர்.

முன்னோர்கள் யாரையெல்லாம் வணங்கினார்கள் என்று குவிமாடத்து நூல்களில் இருந்தது. ஏன் என்று இல்லை. அதை எழுதத்தான் பொருளுரைஞர்கள்.

சபூரா உப்பு ஆய்வாளர். கல்லோ மண்ணோ சாயமோ, எது வந்தாலும் சுரண்டிப் பார்த்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. ஏன் இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு உரிமம் இல்லை. ஆனாலும் சொன்னாள்.

“சுவர் முழுக்க மூத்திர உப்பு சார். டைலுக்கு அடியிலகூட இருக்கு. டைல் மேல மட்டும்தான் இல்ல.”

“அதனால?”

“அதனால என்ன? கண்டவனும் வந்து போயிருக்கான். எழுதிப் போட்டிருக்காங்க, கேக்கல. சாமி படத்தை ஒட்டியிருக்காங்க, நின்னுடுச்சு. இதுக்கு எதுக்கு சார் ஒரு பொருளுரை?”

“சிறுநீரைக் கொண்டுபோய்ச் சுவர்ல விட்டாங்களா? யாரும்மா விடுவா?”

அந்த ஊரில் அது நியாயமான கேள்வி. குவிமாடத்தில் ஒவ்வொருவர் உடையிலிருந்தும் ஒரு குழாய் நீர் வங்கிக்குப் போகிறது. அங்கே வடிகட்டியது மறுநாள் குடிநீராக வரும். ஒரு குவளை சிந்தினால் ஆறு மாதம் சிறை.

“அங்க தண்ணி கடல் கடலாக் கிடந்துச்சு சார். அவங்களுக்கு இது கழிவு. எழுதியே இருக்கே, படிக்கத் தெரியும்ல?”

“பொருளுரையோட முதல் விதி தெரியுமா உனக்கு? படம் வெளிப்படையாச் சொல்றது எதுவோ, அது படத்தோட பொருள் இல்ல. அதுவே சொல்லிடுச்சுன்னா நாங்க எதுக்கு?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

அவள் சொன்னது சரி என்று அந்த நீல வரியைப் படித்தபோதே குணாளனுக்குத் தெரியும். சரியாக இருப்பது வேறு, அவையில் தேறுவது வேறு. ‘சுவரில் எழுதியிருப்பதுதான் அதன் பொருள்’ என்று போய்ச் சொன்னால் அடுத்த கலத்தில் பனிக்குக் கிளம்ப வேண்டியதுதான். அன்று மாலையே உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினான்.

அவையில் பதினோரு பேர். தலைவர் அருளப்பனுக்கு எழுபது வயது. கண் மங்கி இருபது வருடமாகிறது. படங்களைப் பற்றிய கடைசித் தீர்ப்பு அவருடையது.

“முன்னோர்கள் தங்களிடம் இருந்ததிலேயே அரியதை இங்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்” என்று குணாளன் ஆரம்பித்தான். “சமய வேறுபாடு இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். மூன்று தெய்வங்களும் தோளோடு தோள் நிற்பதைக் கவனியுங்கள். இது காணிக்கைச் சுவர்.”

“கழிக்காதீர் என்று எழுதியிருக்கிறதாமே?”

“தடை இருக்கும் இடத்தில்தான் சடங்கு இருக்கும் ஐயா. அத்தனை பேரும் எழுத்தை மீறிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் பக்தி.”

ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“படங்களின் மேல் உப்பு இல்லையே?”

“காணிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.”

அவை எழுந்து நின்றது. முட்டாள்கள், என்று நினைத்துக்கொண்டே குணாளன் தலைகுனிந்து வணங்கினான். அவையில் அவனுக்கு வாழ்நாள் இருக்கை என்றார்கள். சுவரை நடு முற்றத்தில் வைத்து, வருடத்துக்கு ஒரு நாள் எல்லாரும் காணிக்கை செலுத்துவது என்றும் முடிவாயிற்று.

“பொம்பளைங்க என்ன பண்றது?” என்றாள் சபூரா, சாட்சி வரிசையிலிருந்து.

“அது அடுத்த கூட்டத்தில்” என்றார் தலைவர்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. மெய்ப்பித்தல். ஒரு படத்துக்குப் பொருள் எழுதியவன் அதை ஊரறிய முதலில் தானே செய்து காட்ட வேண்டும். காட்டினால் பொருளுரை உறுதி. முடியாவிட்டால் தள்ளுபடி. எலுமிச்சைக்காரன் ஒரு கூடை எலுமிச்சையைத் தோலோடு தின்று காட்டியிருந்தான். குணாளனுக்கு இது சிரிப்பாக இருந்தது. பிறந்த குழந்தைகூடச் செய்யும் வேலை.

பத்தாம் நாள் நண்பகலில் முற்றம் நிறைந்திருந்தது. அன்று மட்டும் ஆண்களின் குழாய்களைக் கழற்ற அனுமதி. காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வர வேண்டும் என்று ஆணை. குணாளன் இரண்டு படி தண்ணீர் குடித்திருந்தான். அவனுக்குப் பின்னால் அருளப்பன், அவருக்குப் பின்னால் அவை, அதற்குப் பின்னால் ஊர்.

திரை விலகியது. குணாளன் சுவரின் முன் போய் நின்று உடையைத் தளர்த்தினான்.

நாற்பது பக்கம் எழுதியிருந்தும், பதினோரு விநாடிக்கு மேல் அவன் அந்தச் சுவரைப் பார்த்ததில்லை. இப்போது வேறு எங்கும் பார்க்க வழியில்லை. டைல்களைக் கச்சிதமான உயரத்தில் ஒட்டியிருந்தார்கள். வேலோடு நின்ற இளைஞன் அவனை நேராகப் பார்த்தான். லேசான புன்னகை. தாடிக்காரரின் உயர்ந்த கை, கொஞ்சம் பொறு என்பது போல் இருந்தது. ‘உன்னிடம் உள்ளதில் அரியதைக் கொடு’ என்றது காதுக்குள் பொருள்மணி. அவன் எழுதிய வாக்கியம்.

வரவில்லை.

அந்தத் தெய்வங்களின் வரலாறு அவனுக்குத் தெரியும். ஒன்றின் மேலும் நம்பிக்கை கிடையாது. கண்ணை மூடிப் பார்த்தான். மூடிய கண்ணுக்குள்ளும் அந்த இளைஞன் பார்த்துக்கொண்டு நின்றான். அடிவயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. காது சூடாயிற்று. அவமானம் என்ற சொல்லை அவன் எத்தனையோ படங்களுக்கு எழுதியிருக்கிறான். அது இப்படித்தான் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஐந்து நிமிடம் போயிற்று. மெய்ப்பித்தலுக்குப் பத்து நிமிடம்தான். அடக்கிக்கொண்டு நின்ற ஆண்கள் காலை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த வரிசை கலையும் சத்தம். நீர் வங்கியின் பக்கம், வெறும் வெள்ளைச் சுவர் இருந்த திசையில், கூட்டம் மெல்ல ஒதுங்கிக்கொண்டிருந்தது.

அருளப்பன் அவன் தோளைத் தொட்டார்.

“தம்பி, எனக்கு எழுபது வயசு, இனி ஒரு நிமிஷம் தாங்காது. அந்தப் பக்கம் படம் ஒட்டாத சுவர் சும்மாத்தானே நிக்குது, நாங்க அங்க போயிக்கட்டுமா?”